எல்லாமே 'கெஞ்சுதல்' இல்லை ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வரும் ஆங்கிலச் சொற்கள் பகுதியை என் பேத்தி கத்தரித்து நோட்டில் ஒட்டி வைக்கிறாள். இரண்டு வாரம் முன்பு அதில் ஏழு சொற்கள் வந்தன: பெக், பிசீச், என்ட்ரீட், இம்ப்ளோர், ப்ளீட், சப்ளிகேட், இம்பார்ச்சூன். ஏழுக்கும் எதிரே ஒரே ஒரு அர்த்தம், 'கெஞ்சுதல்'. அடியில், இவற்றில் எதை வேண்டுமானாலும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி உங்கள் ஆங்கிலத்தை அழகாக்குங்கள் என்று ஒரு யோசனை வேறு. பேத்தி பதினொன்றாம் வகுப்பு, சொன்னதைச் செய்கிற பிள்ளை. சித்தி மகனுக்குக் காதுகுத்து, ஒருநாள் லீவு வேண்டும், வகுப்பு ஆசிரியைக்குக் கடிதம் எழுதினாள்: 'ஐ சப்ளிகேட் யூ டு கிராண்ட் மீ லீவ்.' அந்தக் கடிதம் ஆசிரியர்கள் அறை முழுக்க ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்ததாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "தாத்தா, பேப்பர்ல போட்டதைத்தானே எழுதினேன், எதுக்குச் சிரிக்காங்க?" என்று கேட்டாள்.

காதுகுத்துக்கு லீவு கேட்க ஒரு பெண்பிள்ளை ஆசிரியை முன்னால் மண்டியிட்டுத் தலையைத் தரையில் வைத்த மாதிரி ஆகிவிட்டது, அதுதான் சிரிப்பு. அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வாத்தியார் இல்லை. டைப்ரைட்டிங் லோயர், ஹையர் இரண்டும் முடித்துவிட்டு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்து, அது வருவதற்குள் வயிறு கேட்காது என்று கோர்ட்டுக்கும் தாலுகா ஆபீஸுக்கும் நடுவில் ஒரு தகரக் கொட்டகையில் மெஷின் போட்டு உட்கார்ந்தவன். முப்பது வருஷத்துக்கு மேல் ஜாப் டைப்பிங். பட்டா மாறுதல், பென்ஷன், வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கடன், பிரிந்துபோன பெண்டாட்டிக்குக் கடைசிக் கடிதம் என்று அடுத்தவர்களுக்காக ஆங்கிலத்தில் கேட்டுக்கேட்டே காலம் ஓடிப்போனது. அதனால் இந்த ஏழு சொல்லும் எனக்குப் புத்தகச் சொற்கள் இல்லை, தொழில் சாமான்.

முதலில் நம் வீட்டுச் சமாசாரம் ஒன்று. ஈ, தா, கொடு என்ற மூன்று சொல்லும் கேட்கிற சொல்தான், ஆனால் ஈ என்பது தாழ்ந்தவன் கேட்பது, தா என்பது சமமானவன் கேட்பது, கொடு என்பது உயர்ந்தவன் கேட்பது என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் பிரித்து வைத்திருக்கிறது. நமக்கு, கேட்கிறவன் யார் என்பதை வைத்துச் சொல் மாறுகிறது. ஆங்கிலத்தின் இந்தக் கெஞ்சல் சொற்களுக்குள் இருக்கிற வித்தியாசம் வேறு மாதிரி. கேட்கப் போகிறவன் கையில் என்ன கொண்டுபோகிறான் என்பதுதான் அங்கே கணக்கு. ஒருவன் கண்ணீரைக் கொண்டுபோகிறான், ஒருவன் நியாயத்தை, ஒருவன் முழங்காலை, ஒருவன் வெறும் பிடிவாதத்தை. கொண்டுபோன பொருளுக்குத் தக்க சொல். இதைப் பிடித்துக்கொண்டால் ஏழும் ஏழு திசைக்குப் பிரிந்து நிற்கும்.

பெக் என்பவன் வெறுங்கையோடு போகிறவன். எளிய சொல், தெருச் சொல், எதற்கும் பொருந்தும். பிச்சைக்காரன் பெக் பண்ணுவான், ஐஸ்கிரீமுக்குக் குழந்தை பெக் பண்ணும், பின்னங்காலில் உட்கார்ந்து முன்னங்காலைத் தூக்குகிற நாயும் பெக் பண்ணும். நாய் பிசீச் பண்ணாது, அதற்கு வாக்கியம் வேண்டும். கேட்கிற ஆளையும் போடலாம், கேட்கிற பொருளையும் போடலாம் என்பது இதில் இன்னொரு வசதி. ஆனால் இதே பெக்தான் ஆங்கிலத்தில் ரொம்பத் தேய்ந்துபோன சொல்லும். 'ஐ பெக் யுவர் பார்டன்' என்று குரலை உயர்த்திக் கேட்டால் காது கேட்கவில்லை என்று அர்த்தம். 'ஐ பெக் டு டிஃபர்' என்றால் கெஞ்சலே கிடையாது, நீ சொல்வது தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்வது. நாம் "உன்னைக் கும்பிடுறேன் சாமி, ஆளை விடு" என்கிறோமே, அதில் எங்கே கும்பிடு இருக்கிறது? அந்த ஜாதி. அப்புறம் நம் ஆபீஸ் ஆங்கிலம்: 'வித் ட்யூ ரெஸ்பெக்ட் ஐ பெக் டு சப்மிட் த ஃபாலோயிங் ஃப்யூ லைன்ஸ் ஃபார் யுவர் கைண்ட் கன்சிடரேஷன்.' இந்த வரியை எத்தனை ஆயிரம் தடவை அடித்திருப்பேன் என்று கணக்கில்லை, கண்ணை மூடிக்கொண்டு விரல் தானாகவே அடிக்கும். வெள்ளைக்காரன் தன் ஊர் வணிகக் கடிதத்தில் எழுதிய மரியாதைச் சடங்கு அது. அவன் ஊரில் போய்விட்டது, நம் தாலுகா ஆபீஸில் இன்னும் இருக்கிறது. அதில் பெக் என்பது வெறும் தொண்டையைச் செருமுவது மாதிரி.

பிசீச் பழைய சொல், கோயில் சொல். சீக், அதாவது தேடுவது, அதன் முன்னால் ஒரு 'பி' ஒட்டியது. அதனால்தான் இறந்தகாலம் பிசாட் என்று வரும், சீக் சாட் ஆவது போல. பிசீச்ட் என்றும் சிலர் எழுதுகிறார்கள், தப்பில்லை, காதுக்குத்தான் கொஞ்சம் உறுத்தும். 1544இல் ஆங்கிலத்தில் அதிகாரபூர்வமாக முதன்முதலாக வந்த லிட்டனி மன்றாட்டின் பிற்பகுதியில் 'வீ பிசீச் தீ' என்றுதான் சபையார் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். 1611இன் பைபிளில் பவுல் ரோமர்களுக்கு எழுதும்போது பிசீச் என்கிறார், நம் தமிழ் வேதாகமம் அந்த இடத்தில் 'வேண்டிக்கொள்ளுகிறேன்' என்று போட்டிருக்கிறது. இது சரியான ஜோடி என்று எனக்குப் படும். வேண்டு என்பதற்குள்ளும் விரும்பித் தேடுவது இருக்கிறது, பிசீச்சுக்குள்ளும் இருக்கிறது. கெஞ்சு என்று போட்டிருந்தால் பவுல் குட்டையாகிப் போயிருப்பார்.

பிசீச் பண்ணுகிறவன் பலவீனமானவனாக இருக்க வேண்டும் என்றுகூட அவசியம் இல்லை. இங்கிலாந்துத் தளபதி கிராம்வெல் படையோடு ஸ்காட்லாந்துக்குள் புகுந்தபோது, 1650 ஆகஸ்ட் 3ஆம் தேதி அங்கிருந்த திருச்சபைப் பேரவைக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்துவின் குடலை முன்னிட்டு உங்களை பிசீச் பண்ணுகிறேன், நீங்கள் தவறியிருக்கக்கூடும் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள், என்று அதில் ஒரு வரி. குடல் என்றதும் சிரிக்க வேண்டாம், இரக்கம் இருக்கிற இடம் வயிறு என்பது அந்தக் கால வழக்கு, நாமும் 'பெற்ற வயிறு எரிகிறது' என்கிறவர்கள்தானே. அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை. சரியாக ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 3இல், டன்பாரில் சண்டை நடந்தது, கிராம்வெல் ஜெயித்தார். பின்னால் பீரங்கியை நிறுத்தி வைத்துக்கொண்டு எழுதிய பிசீச் அது. அந்த இடத்தில் பெக் போட்டுப் பாருங்கள், உட்காராது.

அடுத்து இம்ப்ளோர், என்ட்ரீட். இந்த இரண்டையும் ஒரு அம்மாள்தான் எனக்குப் பிரித்துக் காட்டினார், அகராதி இல்லை.

தொண்ணூறுகளின் பிற்பாதி. அவர் மகன் வளைகுடா நாடு ஒன்றுக்கு வேன் ஓட்டப் போனவன். முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார், ஆறு மாதச் சம்பளம் பாக்கி, பையனால் திரும்பி வர வழியில்லை. அங்கே இருக்கிற நம் தூதரகத்துக்கு ஒரு கடிதம் அடிக்க வேண்டும். மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, "கும்பிட்டுக் கேக்கேன்னு போடுங்க அண்ணாச்சி" என்றார். பெற்றவள் கேட்கிறாள், கல்லும் கரைய வேண்டாமா என்று நினைத்து 'ஐ இம்ப்ளோர் யூ' என்று அடித்தேன். இம்ப்ளோர் லத்தீன் சொல், உள்ளே இருப்பது 'ப்ளோராரே', வாய்விட்டு அழுவது. பிரெஞ்சுக்காரன் இன்றைக்கும் அழுவதற்கு அதே வழியில் வந்த சொல்லைத்தான் வைத்திருக்கிறான். அப்போது எனக்கு இந்த வேர் எல்லாம் தெரியாது, ஆனால் சொல்லில் ஈரம் இருக்கிறது என்று தெரியும்.

அடித்ததைத் தமிழில் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவது என் வழக்கம். "உங்களிடம் அழுது கேட்கிறேன்னு போட்டிருக்கேன்மா" என்றேன். அந்த அம்மாள் முகம் மாறிவிட்டது. "நான் எங்க அண்ணாச்சி அழுதேன்? அழுறதுன்னா வீட்லயே அழுதிருப்பேனே, பஸ் ஏறி இங்க எதுக்கு வாரேன்?" என்று சொல்லிவிட்டு மஞ்சள் பையை அவிழ்த்தார். ஏஜெண்டுக்குப் பணம் கட்டிய ரசீது, வேலை ஒப்பந்தத்தின் நகல், எந்த மாதம் சம்பளம் வந்தது எந்த மாதம் நின்றது என்று மகன் தேதி போட்டு எழுதிய கடிதங்கள், ஒவ்வொன்றாக எடுத்து மெஷின் மேல் அடுக்கினார். "இதைச் சொல்லிக் கேளுங்க."

தாளை உருவிப் போட்டுவிட்டுப் புதுத் தாள் ஏற்றினேன். அவர் கேட்டதற்குச் சொல் என்ட்ரீட். ட்ரீட் என்பதுதான் அதன் உடம்பு. ட்ரீட்டி, அதாவது ஒப்பந்தம், அதுவும் அந்த வீட்டுப் பிள்ளைதான். பழைய ஆங்கிலத்தில் என்ட்ரீட் என்றால் கெஞ்சல் இல்லை, ஒருவரை நடத்துவது என்றுதான் அர்த்தம். 1611இன் பைபிளிலேயே அப்படி ஓர் இடம் உண்டு, ராஜாவின் ஊழியக்காரர்களைப் பிடித்து அவமானமாக நடத்தினார்கள் என்கிற இடத்தில் என்ட்ரீட் வரும். அதிலிருந்து பேசிப் பார்ப்பது, பேசி மனதை மாற்றப் பார்ப்பது, விட்டுக்கொடுக்காமல் நயமாகக் கேட்பது என்று நகர்ந்து வந்திருக்கிறது. அழுகை ஒருபோதும் அதன் வேலை இல்லை. ரூத் தன் மாமியாரிடம், உம்மை விட்டுப் போகும்படி என்னை என்ட்ரீட் பண்ணாதேயும் என்று அதே பைபிளில் சொல்கிறாள். தமிழில் 'என்னோடே பேசவேண்டாம்' என்று மட்டும் போட்டார்கள். முதலில் இதைப் படித்தபோது மொழிபெயர்த்தவர் சொல்லைக் கோட்டை விட்டார் என்று நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை. பேசிக் கரைக்கப் பார்ப்பதுதான் என்ட்ரீட், அதைப் 'பேச வேண்டாம்' என்றால் சரியாகத்தான் வருகிறது.

அந்தப் பையன் நாலைந்து மாதத்தில் ஊர் வந்து சேர்ந்தான், எனக்கு ஒரு கோடாலித் தைலம் கொண்டுவந்து கொடுத்தான். சொல்லால் வந்தான் என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா, ரசீதால் வந்தான்.

ப்ளீட் கோர்ட் சொல், எங்கள் தெருச் சொல். நம் தமிழில் அதற்கு அச்சு அசலாக ஒரு சொல் இருக்கிறது: மன்றாடு. மன்று என்றால் சபை. அங்கே நின்று தன் பக்கத்தை எடுத்துச் சொல்வதுதான் இரண்டும். ஒரு காலத்தில் வக்கீலையே ப்ளீடர் என்றுதான் சொல்வார்கள், அரசு வக்கீலுக்கு கவர்ன்மென்ட் ப்ளீடர் என்ற பெயர் இன்னும் இருக்கிறது. கெஞ்சுகிறவர் என்று மொழிபெயர்த்தால் அவர் கேஸ் போட்டுவிடுவார். 1908ஆம் வருஷ உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஆறாம் கட்டளையைத் திறந்தால், ப்ளீடிங் என்றால் வழக்குரை அல்லது எதிர்வழக்குரை என்று முதல் விதியே சொல்கிறது. அதாவது, கடனே வாங்கவில்லை, ஒரு பைசா தரமாட்டேன் என்று பிரதிவாதி வீறாப்பாகப் போடுகிற பதிலும் ப்ளீடிங்தான். 'ப்ளீட் கில்ட்டி' என்றால் குற்றத்தை ஒப்புக்கொள்வது, அதிலும் கெஞ்சல் இல்லை. வெளியே வீட்டில் தெருவில் ப்ளீட் பண்ணும்போது கெஞ்சல் சேரும், உண்மைதான், ஆனால் காரணம் சொல்லிக் கெஞ்சுவதாகத்தான் இருக்கும்.

இலக்கணமும் வேறு. பெக், பிசீச், இம்ப்ளோர், என்ட்ரீட் நான்கும் ஆளை நேராகப் பிடித்துக்கொள்ளும். ப்ளீட் பிடிக்காது, நடுவில் 'வித்' வேண்டும். 'ஐ ப்ளீட் யூ டு ஹெல்ப்' என்று நம் பிள்ளைகள் எழுதுவது முழுத் தப்பு. மாற்றி மாற்றிப் போடுங்கள் என்று நீங்கள் சொன்னதில் அதிகம் அடிபடப் போவது இந்த இடம்தான், போட்டித் தேர்வில் பிழை திருத்தச் சொல்லிக் கேட்பார்கள், மதிப்பெண் போகும்.

சப்ளிகேட்டுக்கு வருகிறேன், பேத்தி வழுக்கி விழுந்த சொல். முழங்கால் மடங்குவது அதன் அடியில் இருக்கிறது. தமிழில் இறைஞ்சு. இறைஞ்சுதல் என்றாலும் தாழ்வது, வளைவது, அப்புறம்தான் வணங்கிக் கேட்பது. இதைவிடப் பொருத்தமான ஜோடி இரண்டு மொழிக்கும் இடையில் கிடைப்பது கஷ்டம், நீங்கள் அதை விட்டுவிட்டுக் கெஞ்சு என்று போட்டதுதான் எனக்கு ஆற்றாமை. சாமி முன்னால், சக்கரவர்த்தி முன்னால் சொல்கிற சொல், அன்றாடப் பேச்சில் இல்லவே இல்லை. இன்றைக்கும் இது உயிரோடு நடமாடுகிற ஒரு வினோதமான இடம் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம். அங்கே ஆய்வேட்டை எல்லாரும் ஏற்றுக்கொண்ட பிறகு மாணவருக்குக் கிடைப்பது 'லீவ் டு சப்ளிகேட்', அதாவது பட்டத்தை இறைஞ்சிக் கேட்க அனுமதி. நாலைந்து வருஷம் உழைத்து, வாய்மொழித் தேர்வும் முடித்து, கெஞ்சுவதற்கு ஒரு அனுமதிச் சீட்டு. ஆக, லீவும் சப்ளிகேட்டும் ஒரே வரியில் சேர்ந்து வந்தது என் பேத்திக்கு மட்டும் இல்லை என்று சொன்னதும் அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

அந்தச் சொல்லைப் போடாமலே அதன் படத்தை மட்டும் வரைந்தவர் காந்தி. 1930 மார்ச் 2ஆம் தேதி வைஸ்ராய் இர்வினுக்கு ஒரு கடிதம் எழுதினார், 'அன்புள்ள நண்பருக்கு' என்று ஆரம்பித்து, உப்பு வரிச் சட்டத்தை மீறப் போகிறோம் என்று முன்கூட்டியே அறிவித்து. இர்வின் தன் செயலாளரை விட்டு நாலு வரியில் வருத்தம் தெரிவித்தார். மண்டியிட்டு ரொட்டி கேட்டேன், கல் கிடைத்தது என்றார் காந்தி. கடிதத்தைப் படித்துப் பார்த்தால் மண்டியிட்ட மாதிரியே இருக்காது, கெடு வைத்த கடிதம் அது. ஆனால் மறுப்பு வந்த பிறகு தான் கேட்ட கேள்விக்கு முழங்காலைச் சேர்த்துச் சொன்னார் பாருங்கள், அங்கே இர்வின் குறுகிப் போனார். 12ஆம் தேதி தண்டிக்கு நடக்க ஆரம்பித்தார்.

இம்பார்ச்சூன் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை, நச்சரிப்பு. துறைமுகம் என்ற லத்தீன் சொல் அதற்குள் இருக்கிறது. கரை சேர வாகான நேரம் ஆப்பர்ச்சூன், வாகில்லாத நேரம் இது. நேரங்கெட்ட நேரத்தில் கதவைத் தட்டிவிட்டு, கொடுக்கிறவரை போகாமல் நிற்பது. பாதிராத்திரியில் நண்பன் வீட்டில் அப்பம் கேட்கிற பைபிள் கதையில் இம்பார்ச்சூனிட்டி என்றே ஆங்கிலத்தில் வருகிறது. இது கேட்கிறவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிற சொல்லே இல்லை, கேட்கப்பட்டவர் எரிச்சலில் சொல்வது. 'ஐ இம்பார்ச்சூன் யூ' என்று மாணவர் எழுதினால், 'உங்களைத் தொல்லை செய்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்ட கணக்கு.

நீங்கள் விட்டுவிட்ட இரண்டு சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அட்ஜூர், ஆணையிட்டுக் கேட்பது, "உன் பிள்ளை மேல ஆணையாச் சொல்லு" என்கிற ரகம். இன்னொன்று சொலிசிட். நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகையின் ஆங்கிலப் பக்கத்தில் 'சொலிசிட் யுவர் கிரேஷியஸ் பிரசன்ஸ்' என்று தங்க எழுத்தில் போடுகிறோம், இங்கே அது பழகிப்போன மரியாதை, தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் இங்கிலாந்தில் 1959ஆம் வருஷத் தெருக் குற்றங்கள் சட்டம் இதே சொல்லைத் தெருவில் நின்று உடல் வணிகத்துக்கு ஆள் அழைப்பதற்கு வைத்திருக்கிறது. லண்டனில் சம்பந்தம் பண்ணுகிறவர்கள் 'ரிக்வெஸ்ட்' என்று மாற்றிக்கொள்வது நல்லது.

பத்திரிகை அடிக்கிற வேலையும் நான் பார்த்திருக்கிறேன், அதனால் சொன்னேன்.

இனி எனக்கு வலிக்கிற இடம். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெரியவர், அரசுத் துறை ஒன்றில் இருந்து ஓய்வு பெற்றவர், பென்ஷன் பாக்கி வரவில்லை என்று மனு அடிக்க வந்தார். ஒரு பக்க மனுவில் ஐந்து பெக் போட்டேன். கடைசியில் 'ஃபார் விச் ஆக்ட் ஆஃப் கைண்ட்னஸ் யுவர் பெட்டிஷனர் ஷல், ஆஸ் இன் ட்யூட்டி பவுண்ட், எவர் பிரே' என்ற வெள்ளைக்காரன் காலத்து வாலையும் ஒட்டினேன், நன்றாக அமைந்துவிட்டது என்று பெருமை வேறு. பக்கத்தில் இருந்த வக்கீல் குமாஸ்தா தாளை வாங்கிப் படித்துவிட்டுச் சிவப்பு மையில் ஐந்து பெக்கையும் அடித்தார். "ஏல, அவர் சம்பாதிச்ச காசை அவர் கேக்காரு. நீ எதுக்கு அவரைத் தட்டு ஏந்த விடுத?" என்றார். ரிக்வெஸ்ட் என்று மாற்றி அடிக்கச் சொன்னார், புதுத் தாளுக்குக் காசும் கொடுத்தார்.

பெட்டிஷன் என்பதே கெஞ்சல் இல்லை என்று பின்னால்தான் புரிந்துகொண்டேன். 1628இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் முதலாம் சார்லஸ் ராஜாவிடம் கொடுத்த உரிமை மனு, பெட்டிஷன் ஆஃப் ரைட், தொடக்கம் முதல் முடிவு வரை 'ஹம்ப்ளி', தாழ்மை தாழ்மை என்றே போகும். முடிவில், இவையெல்லாவற்றையும் எங்கள் உரிமைகளாகவும் சுதந்திரங்களாகவும் தாழ்மையுடன் பிரே பண்ணுகிறோம் என்று முடிப்பார்கள். பிரார்த்தனைதான், ஆனால் கேட்பது தன் சொந்தப் பொருள். நம் சென்னை உயர் நீதிமன்றத்து மனுக்களிலும் 'பிரேயர்' என்று தனி இடம் உண்டு, கெஞ்சிக் கேட்கிற தொனி வராது, என்ன உத்தரவு வேண்டும் என்று துல்லியமாகச் சொல்லிவிட்டு 'அண்ட் தஸ் ரெண்டர் ஜஸ்டிஸ்' என்று முடிப்பார்கள். 2005ஆம் வருஷத் தகவல் உரிமைச் சட்டத்தின் ஆறாவது பிரிவில் இருப்பதும் ரிக்வெஸ்ட்தான். எதற்காகத் தகவல் கேட்கிறாய் என்று காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை என்று சட்டமே சொல்கிறது. அதாவது ப்ளீட்டும் வேண்டாம், என்ட்ரீட்டும் வேண்டாம். அப்படியிருந்தும் பத்து ரூபாய் கட்டணத்தை ஒட்டிவிட்டு 'ஐ பெக் டு நோ' என்று எழுதிக்கொண்டு வருகிறவர்களைக் கடைசிவரை பார்த்தேன், சிவப்பு மை வைத்திருந்தேன்.

ஒரே தமிழ்ச் சொல்லை இப்படிப் பிரிப்பது ஆங்கிலக்காரனுக்கும் பழக்கம்தான். 'இரப்பன் இரப்பாரை எல்லாம் இரப்பின் கரப்பார் இரவன்மின் என்று', இரவச்சத்தில் வருகிற 1067ஆவது குறள். வள்ளுவர் ஒரே இரத்தலை நாலு தடவை போட்டிருக்கிறார். பழைய ஆங்கில உரைநடை மொழிபெயர்ப்பு ஒன்றில் முதல் இரப்பன் மட்டும் பிசீச் ஆகிறது, மற்றதெல்லாம் பெக். பிச்சைக்காரர்களிடம் வள்ளுவர் வேண்டுகிறார், பிச்சைக்காரர்கள் பிறரிடம் பிச்சை கேட்கிறார்கள், இரண்டும் ஒன்றாகிவிடக் கூடாது என்று அவர் ஒதுக்கி வைத்திருக்கிறார். நியாயமான ஜாக்கிரதை. ஆனால் தானும் ஒரு இரவலனாக நின்று, நாலு தடவையும் ஒரே சொல்லில் பேசுகிற அந்த ஓசை அதில் போய்விட்டது. எது லாபம் எது நஷ்டம் என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், எனக்குத் தமிழில்தான் பிடித்திருக்கிறது.

ஆசிரியர் அவர்களே, திருத்தம் ஒன்று போடுங்கள், பெரிதாக வேண்டாம், அதே பெட்டி அளவு போதும். பெக்: கெஞ்சுதல். பிசீச்: வேண்டிக்கொள்ளுதல். என்ட்ரீட்: நயந்து எடுத்துச் சொல்லிக் கேட்டல். இம்ப்ளோர்: அழுது கேட்டல். ப்ளீட்: மன்றாடுதல், பின்னால் வித் போட வேண்டும். சப்ளிகேட்: இறைஞ்சுதல், லீவுக்கு வேண்டாம். இம்பார்ச்சூன்: நச்சரித்தல். அந்தப் பகுதியை எழுதுகிறவர் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, தினமும் ஏழு சொல் தேடிப்பிடிப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும்.

பேத்தி கடிதத்தை மாற்றி எழுதினாள். 'ஐ ரிக்வெஸ்ட் யூ டு கிராண்ட் மீ லீவ் ஃபார் ஒன் டே.' சப்ளிகேட் எங்கே என்று டீச்சர் கேட்டாராம், தாத்தா எடுத்துட்டாங்க என்றாளாம். லீவு கிடைத்தது. சாஸ்தா கோயிலில் வைத்துக் காது குத்தினோம். ஆசாரி ஊசியை எடுத்ததும் பயல் ஊரைக் கூட்டிவிட்டான், மாமன் மடியில் உட்கார்ந்துகொண்டு "வேண்டாம் மாமா, வேண்டாம் மாமா" என்று ஒரே கதறல். பேத்தி என் காதருகே வந்து, "தாத்தா, இது இம்ப்ளோர்தானே?" என்றாள்.

இப்படிக்கு,
பழைய தட்டச்சர் ஒருவர்,
அம்பாசமுத்திரம்.